கேத்திப் பக்கத்துச் சிறிய சபையின் வரலாறு: மூப்பர் நோட்டிலிருந்து தொடங்கலாமா?

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆலயம் நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். கல் சுவர், மங்களூர் ஓடு, வாசல் பக்கம் சின்ன மணிக்கூண்டு. இன்றும் கயிற்றை இழுத்துத்தான் மணி அடிக்கிறோம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. குடும்பங்களின் கதை வரப்போகிறது, அவர்களைக் கேட்காமல் பெயர் போட மனம் வரவில்லை.

இந்த அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வரலாற்று மலர் கொண்டுவரலாம் என்று முடிவாகி, எழுதும் வேலை என் கைக்கு வந்தது. ஏற்கெனவே ஒரு பக்க வரலாறு உண்டு, சட்டம் போட்டு உள்சுவரில் மாட்டியிருக்கிறது. 1846, காசமேஜர் துரை, பாசல் மிஷன், இரண்டு மூன்று ஜெர்மன் பெயர்கள். அடுத்த வரியிலேயே 1947, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). இடையில் நூறு வருடம் இந்த மணியை யார் அடித்தார்கள், போதகர் வராத ஞாயிறுகளில் யார் ஜெபம் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பின்னறை அலமாரியை ஒழித்தபோது மூன்று நோட்டுகள் கிடைத்தன. இரண்டு கன்னட எழுத்தில் இருக்கின்றன. ஒன்று தமிழ், மூப்பர் கூட்டத்தின் குறிப்பு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அன்று பின்சுவர் வழியாக இறங்கிய தண்ணீரில் நனைந்து பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன. மீதி வாசிக்க முடிகிறது.

இரண்டு கேள்விகள். மிஷனரிகளை விட்டுவிட்டு இந்த நோட்டிலிருந்தே வரலாற்றைத் தொடங்குவது சரியா? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "நாம பிரஸ்பிட்டேரியன் வழி" என்பார்கள். அது சரியான சொல்தானா?

---

ஏட்டுப்புழு

தம்பி, மூன்று நோட்டையும் முதலில் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கவே வேண்டாம். பிரிந்த பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்பிட்டேரியன் என்ற சொல்லுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் பிரஸ்புட்டெரோஸ் என்றால் மூத்தவர். நம் தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் 'மூப்பர்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் அந்தச் சொல்தான். பிஷப் ஒருவரின் கீழ் இல்லாமல், சபை தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து நடத்துவது பிரஸ்பிட்டேரியன் முறை. 1541இல் கால்வின் ஜெனீவாவில் மூப்பர்களை வைத்து ஒரு சபை ஒழுங்கு உண்டாக்கினார். 1560இல் ஜான் நாக்ஸ் காலத்தில் ஸ்காட்லாந்து அந்த வழிக்கு வந்தது. அங்கே ஒரு சபையின் மூப்பர் கூட்டத்துக்கு செஷன் என்று பெயர். அதற்கு மேல் பிரஸ்பிட்டரி, சினாடு, பொதுப்பேரவை என்று போகும்.

பாசல் மிஷன் அப்படி நேரடியாக ஸ்காட்லாந்து வழி அல்ல. 1815இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கியது. சுவிஸ் சீர்திருத்த சபைக்காரர்களும், ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதி லுத்தரன்களும் கலந்து நடத்தியது. 1834இல் மங்களூருக்கு வந்தார்கள். ஆகவே ஏட்டின்படி உங்கள் சபையைப் பிரஸ்பிட்டேரியன் என்று சொல்வது முழுக்கச் சரியாகாது. ஆனாலும் மூப்பர்களை வைத்துச் சபையை நடத்தும் பழக்கம் அவர்களிடம் உறுதியாக இருந்தது. உங்கள் பெரியவர்கள் சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

சுவரில் இருக்கும் ஒரு பக்கத்தையும் தள்ளிவிடாதீர்கள். காசமேஜர் ஓய்வுபெற்ற சிவில் அதிகாரி. முன்பு ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபு கேத்தியில் கட்டிய வீடு அவர் கைக்கு வந்தது. நீலகிரியின் படகர் இனப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், பாசல் மிஷனை மலைக்கு அழைத்தார், 1849இல் இறந்தபோது தன் சொத்தை அந்த வேலைக்கே எழுதிவைத்தார். அவர் இல்லாவிட்டால் உங்கள் கதைக்கு முதல் பக்கமே இல்லை.

---

மலைச்சாரல்

நன்றி ஐயா. நோட்டுகளை வீட்டு மாடியில் பழைய காட்டன் வேட்டி விரித்து வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். எங்கள் மலையில் தமிழும் படக மொழியும்தான் பேசுகிறோம். நோட்டு ஏன் கன்னட எழுத்தில்?

---

சுத்துக்கல்லு

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம், படகர் கிறிஸ்தவக் குடும்பம்.

எங்கள் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. பாசல் மிஷன்காரர்கள் கன்னடம் கற்றவர்கள், அதனால் பள்ளியும் ஆராதனையும் கன்னடத்தில் தொடங்கின. 1890இல் லூக்கா சுவிசேஷத்தைப் படக மொழியிலேயே மங்களூரில் அச்சிட்டார்கள், அதுவும் கன்னட எழுத்தில்தான். அப்புறம் தோட்டங்களுக்கும் சந்தைக்கும் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரவர, பள்ளிக்கூடமும் தமிழுக்கு மாறியது, ஆலயமும் மாறியது. என் பாட்டி கன்னட எழுத்தில் வேதம் வாசிப்பார், வீட்டில் படக மொழியில் ஜெபிப்பார், ஆலயத்தில் தமிழில் பாடுவார். மூன்றும் அவருக்கு ஒரே ஜெபம்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். மூப்பர் முறை சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் ஒவ்வொரு ஹட்டியிலும், அதாவது படகர் ஊரிலும், சுத்துக்கல்லு உண்டு. ஊர்ப் பெரியவர்கள் அங்கே கூடி உட்கார்ந்து நிலத் தகராறு, கல்யாணம், மனவருத்தம் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். ஊருக்கு ஒரு கவுடர், அவருக்கு மேல் சீமைக்கு ஒருவர், எல்லாருக்கும் மேல் தூனேரியில் ஒருவர். செஷன், பிரஸ்பிட்டரி, சினாடு என்று ஏட்டுப்புழு ஐயா அடுக்கினாரே, அதைப் படித்ததும் எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்வது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வேலை.

வலி எங்கே இருக்கிறது என்றால், ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு அந்தக் கல்லில் இடம் போய்விட்டது. முதல் படகர் 1858இல் ஞானஸ்நானம் பெற்றார், ஆபிரகாம் என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் தலைமுறைக்கு ஊரோடு பேச்சுவார்த்தை இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. மிஷன் வளாகத்தை ஒட்டித்தான் குடியிருந்தார்கள். சுத்துக்கல்லில் இடம் இழந்தவர்கள் ஆலயத்துப் பின்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டு மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள். உங்கள் நோட்டு அந்தப் பெஞ்சில் எழுதியது. அதிலிருந்து தொடங்குங்கள்.

---

பண்ணைக்காடு

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். சுத்துக்கல்லு அண்ணன் சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1834இல் மதுரைக்கு வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்துச் சாவு. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் மலைக்காய்ச்சல். கடைசியில் 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடு கட்டினார்கள், சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்துப் பாதையில் ஏற வேண்டும். சாமான் எல்லாம் தலைச்சுமை, துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில். அந்த டோலியைத் தூக்கியவர்களின் பெயர் எந்த மிஷன் அறிக்கையிலும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர்கள் காங்கிரிகேஷனல் வழி. அதாவது ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும், மேலே சினாடு ஆணையிடாது. 1908இல் அவர்களும் லண்டன் மிஷனும் ஸ்காட்லாந்து, ஆற்காடு பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உண்டானது. அந்த ஐக்கிய சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்துதான் சிஎஸ்ஐ பிறந்தது. பிஷப் வேண்டாம் என்று இருந்தவர்களும் பிஷப் இல்லாமல் முடியாது என்று இருந்தவர்களும் ஒரே மேசைக்கு வந்தார்கள். அந்தப் பேச்சுக்கு 28 வருடம் ஆயிற்று, 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து கணக்கு வைத்தால்.

இதில் ஒரு சின்ன விஷயம் என்னை உறுத்துகிறது. இன்று சிஎஸ்ஐயில் பிரஸ்பிட்டர் என்றால் அங்கி போட்ட போதகர். அந்தச் சொல் முன்பு பெஞ்சில் உட்கார்ந்த விவசாயிக்கும் உரியதாக இருந்தது. உங்கள் மலரில் இதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

---

ஓடும் கல்லும்

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆலயம் எந்த வருடம் கட்டியது என்று யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் ஓட்டைக் கேளுங்கள்.

மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனி முத்திரை இருக்கும். பாசல் மிஷனே 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது, அப்புறம் மலபாரிலும் பல இடங்களில் வைத்தார்கள். மதம் மாறியதால் சாதியை விட்டு விலக்கப்பட்டவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதே அதற்குப் பெரிய காரணம். முதல் உலகப்போரில் அந்தத் தொழிற்சாலைகள் அரசின் கைக்குப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடந்தன. உங்கள் ஓட்டில் பாசல் மிஷன் என்று இருந்தால் போருக்கு முந்திய ஓடு. காமன்வெல்த் என்று இருந்தால் பிந்தியது.

ஒரு எச்சரிக்கை. முத்திரையில் 1865 என்று எண் இருந்தால் அதைத் தூக்கி ஆலயத்தின் வருடமாகப் போட்டுவிடாதீர்கள். அது தொழிற்சாலை தொடங்கிய வருடம். இந்தத் தவறை நான் இரண்டு கல்வெட்டுகளில் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, ஒரே கூரையில் இரண்டு முத்திரையும் இருக்கலாம். அப்படியென்றால் நடுவில் கூரையை மாற்றியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்தது. அதற்கு முந்திய ஓடு என்றால் ஒவ்வொன்றும் மாட்டுவண்டியில் மலையேறியது.

---

மலைச்சாரல்

தமிழ் நோட்டில் கூரை பற்றி இருக்கிறது! வீட்டுக்கு ஒரு ஆள் ஓடு சுமக்க வர வேண்டும், வர முடியாதவர்கள் ஒரு நாள் கூலியைக் காணிக்கையாகக் கட்ட வேண்டும் என்று மூப்பர்கள் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கீழே பட்டியல். ஒரு விதவையின் பெயருக்கு நேராக "விலக்கு" என்று எழுதி அடித்துவிட்டு, "தானே வந்தாள்" என்று எழுதியிருக்கிறது. நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் பற்றி எழுதாதவர்கள் இல்லை. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனை மரத்தில் கட்டியது என்று எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் சொல்வார். நல்ல ஆலயம்தான், நானும் போவேன். ஆனால் எங்கள் கூரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

அப்புறம் ஒரு சங்கடம். நோட்டில் பாதிக்கு மேல் ஒழுங்கு நடவடிக்கை. குடித்துவிட்டு வந்தவர், மனைவியை அடித்தவர், கடனைத் திருப்பாதவர், சபைக்கு வெளியே திருமணம் செய்தவர். இத்தனை மாதம் திருவிருந்து இல்லை என்று தீர்ப்பு. எல்லாருடைய பேரப்பிள்ளைகளும் இன்று அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை என்ன செய்வது?

---

ஏட்டுப்புழு

அப்படியே போடுங்கள், பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்துச் செஷன் பதிவேடுகளிலும் இதேதான் நிறைந்திருக்கிறது. மூப்பர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து, தகுதியானவர்களுக்கு ஒரு சிறு உலோக வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் திருவிருந்து. அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் இன்று அங்கே சாதாரண மக்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிறார்கள். மறைத்தால் வரலாறு போய்விடும்.

---

சுத்துக்கல்லு

ஐயா, மன்னிக்கணும். ஸ்காட்லாந்து வேறு, நம் ஊர் வேறு. ஐம்பது குடும்பம் உள்ள சபையில் பெயரை எடுத்தாலும் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் தாத்தாவைப் பற்றி அப்படி ஒரு வரி அச்சில் வந்திருந்தால் என் அம்மா அந்த வாரமே ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியிருப்பார்.

---

ஏட்டுப்புழு

நீங்கள் சொல்வது சரி. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நோட்டு முழுவதையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மலரில் வேண்டாம்.

---

இரண்டாம் கரை

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரித் தேயிலைக்கு வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. அது டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. அப்பா கண்டிப் பக்கத் தோட்டத்தில் சபை மூப்பர். அங்கே துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய, கண்டியில் அவர்களுக்கென்று ஸ்காட்ஸ் கிர்க் என்ற ஆலயமே உண்டு. லயத்து அறையில் எங்களுக்கு ஜெபம் நடத்தியது அப்பாதான்.

இங்கே வந்த முதல் ஞாயிறு ஒரு ஆலயத்துக்குப் போனோம். எந்த ஆலயம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் நிற்கச் சொன்னார்கள். உட்கார இடம் இருந்தது. அங்கத்தினர் பட்டியலில் சேர எங்களுக்குப் பல வருடம் ஆனது. அப்பா அதற்குப் பிறகு மூப்பர் ஆகவே இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சுத்துக்கல்லு அண்ணன், உங்கள் ஆட்களுக்குக் கல்லில் இடம் போனது என்றீர்கள். எங்களுக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. மலைச்சாரல் தம்பி, உங்கள் நோட்டில் 1970க்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் மலரில் வர வேண்டும்.

---

சுத்துக்கல்லு

ஐயா, இதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். எங்கள் ஆலயத்திலும் அது நடந்தது. நான் சின்னப் பையன், பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியது நல்லது. உங்களை நேரில் பார்க்க வேண்டும், தனிச் செய்தியில் எண் அனுப்புங்கள்.

---

மலைச்சாரல்

ஐயா, பார்த்தேன். தமிழ் நோட்டு 1970க்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் இன்று எங்கள் சபையில் பாதிக்குமேல் தாயகம் திரும்பிய குடும்பங்கள்தான். பாடகர் குழுவில் முக்கால்வாசி அவர்கள் பிள்ளைகள். அவர்கள் வந்து சேர்ந்த கதையை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இந்த வாரமே நான்கு வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யப் போகிறேன். நீங்கள் அனுமதித்தால் உங்கள் அப்பாவின் ஜெபத்தைப் பற்றி, பெயர் இல்லாமல், ஒரு பத்தி.

---

இரண்டாம் கரை

பெயரோடு போடுங்கள். தனியாக அனுப்புகிறேன்.

---

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

எல்லாரும் மூப்பர் மூப்பர் என்கிறீர்கள். அந்தப் பெஞ்சில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்தாளா? நோட்டில் பெண்கள் வருவது தண்டனை வாங்கும்போதும் விலக்குப் பட்டியலிலும்தான் இருக்கும், நான் பார்க்காமலே சொல்வேன்.

பிடி அரிசிக் கணக்கைத் தேடுங்கள் தம்பி. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவது நம் பக்கத்துச் சபைகளில் பெண்களின் வேலை. அதை விற்ற காசில் உபதேசியார் சம்பளமும் விளக்கு எண்ணெயும் போயிருக்கும். அந்தக் கணக்கில் வீட்டுத் தலைவர் பெயரைப் போட மாட்டார்கள், பானை யாருடையதோ அவள் பெயர்தான். கன்னட நோட்டு இரண்டில் ஒன்று அதுவாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்குக் கன்னடம் வாசிக்க வரும், பழைய கையெழுத்தும் ஓரளவு பழக்கம். நான் குன்னூரில்தான் இருக்கிறேன்.

---

மலைச்சாரல்

டீச்சர்! பெரிய கன்னட நோட்டில் பக்கம் பக்கமாக நெடுக்கில் மூன்று கோடு போட்டு, பெயரும் எண்ணும் மட்டும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

---

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

பார்த்துவிட்டேன். அரிசிதான். முதல் பக்கத்தில் மட்டும் பதினேழு பெண்கள்.

ஒரு பெயருக்குப் பக்கத்தில் மாதா மாதம் எண் குறைந்துகொண்டே போய், பிறகு நின்றுவிடுகிறது. நாலு மாதம் கழித்து அதே வீட்டில் வேறு பெயர் தொடங்குகிறது. மகளோ மருமகளோ தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

---

பண்ணைக்காடு

டீச்சர், எங்கள் ஊர் ஆலயத்திலும் இப்படி ஒரு நீள நோட்டு மரப்பெட்டியில் கிடக்கிறது. தமிழில்தான். யாரும் திறந்து பார்த்ததில்லை. நாளைக்குப் போகிறேன்.

---

மலைச்சாரல்

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து 11 மணிக்கு டீச்சர் எங்கள் ஊருக்கு வருகிறார். இரண்டாம் கரை ஐயாவும் சுத்துக்கல்லு அண்ணனும் ஒரே வண்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெஞ்சைப் பின்னறையிலிருந்து வெளியே எடுத்துப் போடுகிறேன், எல்லாரும் அதில் உட்கார்ந்தே வாசிக்கலாம். மழை இல்லையென்றால் ஏணி வைத்து இரண்டு ஓட்டைத் திருப்பிப் பார்ப்போம். கல்லறைத் தோட்டத்தில் புதர் வெட்ட இளைஞர்கள் சனிக்கிழமையே போகிறார்கள். பதினேழு பெயரையும் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.